மலையில் ஒரு கண், விண்ணில் ஒரு கண்

2023 செப்டம்பர் 2, முற்பகல் 11.50. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா-எல்1 கிளம்பியபோது வத்தலக்குண்டில் ஒரு டீக்கடை டி.வி.யை அண்ணாந்து பார்த்துக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தோம். என்னிடம் பிளஸ் டூவில் இயற்பியல் படித்துவிட்டு இப்போது கொடைக்கானலுக்குச் சுற்றுலா வேன் ஓட்டுகிற ஒருவர் பக்கத்தில் இருந்தார். கைதட்டல் ஓய்ந்ததும் கேட்டார்: "சார், சூரியனைப் பாக்க ராக்கெட்டே விட்டாச்சு. இனி மலை மேல அந்த அப்சர்வேட்டரி எதுக்கு சார்? மூடிரலாம்ல?"

வேனுக்கு ஆள் சேரும்வரை பதில் சொல்லிப் பார்த்தேன். பாதியில் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டார். மீதியை இங்கே எழுதுகிறேன். பணி ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு வகுப்பு கிடைப்பது அபூர்வம்.

முதலில் ஒரு கணக்கு. ஆதித்யா சூரியனுக்குப் போகவில்லை. சூரியன் நம்மிடமிருந்து 15 கோடி கி.மீ. தூரத்தில் இருக்கிறது. ஆதித்யா நிற்பது 15 லட்சம் கி.மீ. தூரத்தில். நூறில் ஒரு பங்கு வழிதான் போயிருக்கிறது. சூரியனும் பூமியும் இழுக்கிற இழுப்புக்கு இடையே, பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்றி வரத் தோதான ஓர் இடம் அங்கே இருக்கிறது. அதற்கு எல்1 என்று பெயர். 2024 ஜனவரி 6 அன்று அங்கே போய்ச் சேர்ந்தது. கிட்டப் போனதல்ல அதன் பெருமை. அங்கே இரவு கிடையாது, மேகம் கிடையாது, காற்று கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் வளிமண்டலம் தடுத்துவிடுகிற புறஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் அங்கே தடையில்லாமல் வருகின்றன. சூரியனைச் சுற்றியுள்ள கொரோனா என்ற மெல்லிய வெளிப்புற மண்டலம், சூரிய வட்டத்தோடு ஒப்பிட்டால் சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் தரும். பூமியில் நீல வானத்தின் வெளிச்சத்திலேயே அது முங்கிவிடும். முழுச் சூரிய கிரகணம் வந்தால் சில நிமிடம் காணலாம். விண்ணில் கிரகணத்துக்குக் காத்திருக்க வேண்டாம். வட்டத்தை ஒரு தகட்டால் மறைத்தால் போதும்.

சரி, அப்படியானால் வேன்காரர் கேட்டது நியாயம்தானே?

இல்லை. ஆதித்யாவின் முக்கியக் கருவியான 'வெல்க்', பெங்களூரில் உள்ள இந்திய வான்இயற்பியல் நிறுவனம் உருவாக்கியது. கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்துவதும் அதே நிறுவனம்தான். வெல்க் கொரோனாவைப் பார்ப்பதற்காகச் சூரியனின் முகத்தை மறைத்துக்கொள்கிறது. கூரைக்கு மேல் எழும் புகை அதற்கு நன்றாகத் தெரியும். எந்த அடுப்பு எரிகிறது என்பது தெரியாது. அதே விண்கலத்தில் 'சூட்' என்ற இன்னொரு கருவி முகத்தைப் புறஊதாவில் படமெடுக்கிறது, உண்மைதான். ஆனால் சூரிய முகத்தின் காந்தப்புலத்தை வரைபடமாக எடுக்கும் கருவி ஆதித்யாவில் இல்லை. சூரியனில் நடக்கும் வெடிப்பு எல்லாவற்றுக்கும் மூலம் காந்தப்புலம். அந்த வரைபடம் வேண்டுமென்றால் நாசாவின் எஸ்.டி.ஓ. போன்ற விண்கலங்களிடமோ தரையிலுள்ள தொலைநோக்கிகளிடமோதான் போக வேண்டும்.

இன்னொரு விஷயம், கண்ணாடியின் அளவு. 2006இல் ஜப்பான் அனுப்பிய ஹினோடே விண்கலத்தின் சூரியத் தொலைநோக்கி 50 செ.மீ. விட்டம். ஹவாய்த் தீவுகளில் ஹாலியாகாலா மலை உச்சியில் நிற்கும் டேனியல் இனோயே தொலைநோக்கிக்கு 4 மீட்டர் கண்ணாடி. அவ்வளவு பெரிய கண்ணாடியை ராக்கெட்டில் ஏற்றிச் சூரியனுக்கு நேரே திருப்பி வைப்பது இன்றைக்கு யாருக்கும் கட்டுப்படியாகாது. அந்த 4 மீட்டர் கண்ணாடி சூரியப் பரப்பில் சுமார் 30 கி.மீ. அகலமுள்ள விவரத்தைக்கூடப் பிரித்துக் காட்டியது. சித்திரை மாதத் தார்ரோட்டுக்கு மேல் காற்று அலைவதைப் பார்த்திருப்பீர்கள். அதே அலைச்சல்தான் தொலைநோக்கிப் படத்தையும் கலைக்கிறது. அதைச் சரிக்கட்ட, நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் தன் வளைவை மாற்றிக்கொள்ளும் சிறு கண்ணாடி ஒன்று உள்ளே வேலை செய்கிறது. பழுதானால் ஸ்பேனரோடு ஒருவர் ஏறிப் போய்ச் சரிசெய்யலாம். எல்1-க்கு மெக்கானிக் போக முடியாது.

ஆனால் நான் கொடைக்கானல் பக்கம் பேசுவதற்குக் காரணம் இதெல்லாம் அல்ல. வயது.

1876-78இன் தாது வருஷப் பஞ்சத்தை நம் ஊர்ப் பெரியவர்கள் கதையாகச் சொல்லக் கேட்டிருப்போம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். மழை ஏன் பொய்க்கிறது, சூரியப் புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அந்தக் காலத்து விஞ்ஞானிகளைப் பிடித்தாட்டியது. அந்தக் கேள்வியின் ஒரு விளைவுதான் பழனி மலையில் 2,343 மீட்டர் உயரத்தில் எழுந்த ஆய்வகம். 1899இல் சென்னை வானாய்வகத்தின் வேலைகள் இங்கே மாறின. மிச்சி ஸ்மித் முதல் இயக்குநர். மழைக்கும் புள்ளிக்கும் முடிச்சுப் போட்டு வானிலை சொல்லும் கனவு பலிக்கவில்லை. வேறு ஒன்று பலித்தது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் இங்கிருந்து சூரியப் புள்ளிகளின் நிறமாலையை எடுத்துப் பார்த்தபோது, புள்ளியின் ஓரத்து மங்கல் வளையத்தில் வாயு உள்ளிருந்து வெளியே பாய்வதைக் கண்டார். எவர்ஷெட் விளைவு என்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நம் மாநிலப் பாடப்புத்தகத்தில் நான் கற்பித்த காலம் முழுக்க அதைக் காணவில்லை. இந்தக் குறை எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆண்டுதோறும் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவேன். ஏரியும் தூண் பாறையும் முடிந்த பிறகு போகலாம் என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். காலையிலேயே போய்விட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பேன். பத்து மணி தாண்டினால் மஞ்சு ஏறிவிடும். காற்று அமைதியாக இருப்பதும் அதிகாலைக்குப் பிந்திய அந்தச் சில மணி நேரம்தான். அங்கே 1850இல் பாரிஸில் வாங்கிச் சென்னைக்கு வந்து, பிறகு மலையேறிய 15 செ.மீ. தொலைநோக்கி ஒன்று உண்டு. அதில் 1900களின் தொடக்கத்திலிருந்து சூரியனைப் படம் பிடித்து வந்திருக்கிறார்கள். வெயிலடித்த நாளெல்லாம் ஒரு படம். முதலில் கண்ணாடித் தகட்டில், பிறகு ஃபிலிமில், இப்போது டிஜிட்டலில். சில ஆண்டுகளிலேயே கால்சிய ஒளியிலும் 1912 முதல் ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியிலும் படங்கள் சேர ஆரம்பித்தன. இரண்டு உலகப் போர், சுதந்திரம், நெருக்கடி நிலை, எதுவும் அந்த வரிசையை அறுக்கவில்லை.

சூரியனின் புள்ளிகள் பெருகிக் குறைய சுமார் 11 ஆண்டு ஆகிறது. எஸ்.டி.ஓ. 2010இல் ஏவப்பட்டது. அது பார்த்தது ஒன்றரைச் சுற்று. 1995இல் போன சோஹோ விண்கலம் இரண்டே முக்கால் சுற்று. கொடைக்கானல் பார்த்தது பத்துக்கும் மேல். ஒரு நோயாளியின் நாடித்துடிப்பில் இரண்டை மட்டும் எண்ணிவிட்டு மருத்துவம் சொல்ல எந்த வைத்தியரும் துணியமாட்டார்.

இந்த இடத்தில்தான் தரையும் விண்ணும் ஒன்றுக்கொன்று எழுத்தறிவிக்கின்றன. பழைய கால்சியப் படங்களில் வெளிச்சமாகத் தெரியும் திட்டுகள் காந்தப்புலம் வலுத்த இடங்கள். எவ்வளவு வெளிச்சத்துக்கு எவ்வளவு காந்தப்புலம் என்ற கணக்கை நவீனக் கருவிகளின் அளவீடு தருகிறது. அந்தக் கணக்கைப் பழைய தகடுகளில் பொருத்தி, காந்தப்புலத்தை நாள்தோறும் வரைபடமாக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லாத காலத்துக்கும், அதாவது 1913 முதல் 1964 வரையிலான ஐந்து சுழற்சிகளுக்கும், சூரியக் காந்தப்புலம் எப்படி இருந்திருக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். 1920இல் மஞ்சு விலகக் காத்திருந்து தகடு மாற்றிய ஊழியருக்கு அப்படி ஒரு பயன் வரும் என்று தெரிந்திருக்காது.

மலை ஒன்று போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் கொடைக்கானலில் நாள்கணக்காகச் சூரியனே தெரியாது. ராஜஸ்தானில் உதய்ப்பூரின் ஃபதே சாகர் ஏரிக்குள் ஒரு தீவில் இன்னொரு சூரிய ஆய்வகம் இருக்கிறது. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் தரை சூடேறிக் காற்று கொதிப்பது குறைவு. அங்கே ஆடி ஆவணியில் மழை. அவர்களுக்கு மேகம் என்றால் நமக்கு ஓரளவு வெயில், நமக்கு மேகம் என்றால் அவர்களுக்கு வெயில். உதய்ப்பூர் 'காங்' என்ற உலக வலையிலும் ஒரு கண்ணி. 1995இல் தொடங்கிய இந்த வலையில் ஆஸ்திரேலியா, இந்தியா, கேனரித் தீவுகள், சிலி, கலிஃபோர்னியா, ஹவாய் என்று ஆறு இடங்களில் ஒரே மாதிரிக் கருவிகள். ஓரிடத்தில் பொழுது சாய்வதற்குள் அடுத்த இடத்தில் விடிந்திருக்கும். நிமிடத்துக்கு ஒரு காந்த வரைபடம் வந்துகொண்டே இருக்கும். விண்கலம் செய்வதைத் தரையில், மிகக் குறைந்த செலவில் செய்யும் தந்திரம் இது. தரைக்கும் ஆபத்து உண்டு. 2022 நவம்பரில் ஹவாயின் மௌனா லோவா எரிமலை வெடித்து, அங்குள்ள ஆய்வகத்துக்குப் போகும் சாலையையும் மின்கம்பியையும் எரிகுழம்பு அறுத்தது.

சேர்ந்து பார்ப்பது என்றால் எப்படி? ஆளுக்கொரு பக்கம் படமெடுத்துவிட்டு அப்புறம் ஒட்டிக்கொள்வதா?

சில சமயம் அப்படித்தான். ஆனால் நல்ல வேலை முன்கூட்டியே பேசி வைத்துச் செய்வது. முதலில் கடிகாரம். எல்லோரும் உலகப் பொது நேரத்தில்தான் எழுதுவார்கள். கொடைக்கானலில் காலை 8.30 என்றால் பொது நேரம் 3.00. ஹவாயில் முந்தைய நாள் மாலை 5 மணி. அவர்கள் கடையைக் கட்டுவதற்கு முந்திய அந்தச் சில மணி நேரம்தான் இரண்டு மலையும் ஒரே சூரியனைப் பார்க்கிற பொழுது. அடுத்தது குறி. சூரியன் சுழல்வதால் புள்ளி நாளுக்கு நாள் நகரும். இரண்டு வாரத்தில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போய் மறைந்துவிடும். எந்தப் புள்ளி, எந்த ஆயத்தொலைவு, எத்தனை மணி என்று முடிவுசெய்து எல்லோருக்கும் செய்தி போக வேண்டும்.

ஐரோப்பியர்கள் 2020இல் அனுப்பிய சோலார் ஆர்பிட்டர் போன்ற கலத்தோடு சேர்வது இன்னும் கடினம். அது சூரியனைத் தனிப் பாதையில் சுற்றுகிறது, நினைத்த நேரத்தில் கட்டளை அனுப்பிக் கேமராவைத் திருப்ப முடியாது. மாதக்கணக்கில் முன்னதாகவே அட்டவணை எழுதிவிடுகிறார்கள். எந்தப் புள்ளியைக் குறிவைப்பது என்பதை மட்டும் கடைசி நாட்களில் தீர்மானிக்கிறார்கள். 2022 அக்டோபரில் அதுவும் ஹவாயின் 4 மீட்டர் தொலைநோக்கியும் ஒரே இடத்தை இரண்டு கோணத்திலிருந்து பார்த்தன. அந்த நாளில் ஹாலியாகாலாவில் மேகம் கவிந்திருந்தால் மாதக்கணக்கான ஏற்பாடு வீண். கல்யாணத் தேதியையாவது தள்ளி வைக்கலாம்.

ஒரு சின்னக் கணக்கு, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு. ஒளி சூரியனிலிருந்து நமக்கு வர 8 நிமிடம் 19 நொடி. சோலார் ஆர்பிட்டர் அந்தத் தூரத்தில் பத்தில் மூன்று பங்கில் இருக்கும்போது அதற்கு இரண்டரை நிமிடத்திலேயே ஒளி போய்ச் சேர்ந்துவிடும். ஒரே வெடிப்பை அது நமக்குச் சுமார் 6 நிமிடம் முன்பே பார்த்திருக்கும். இரண்டு படத்தையும் கடிகாரத்தை நம்பி அருகருகே வைத்தால் தவறு. இந்த 6 நிமிடத்தைக் கழித்துத்தான் வைக்க வேண்டும். அதன் பிறகு இரண்டு படத்திலும் பொதுவாகத் தெரியும் புள்ளிகளை அடையாளமாக வைத்துப் பிக்சலுக்குப் பிக்சல் பொருத்த வேண்டும். ஆராய்ச்சி மாணவர்களின் இளமை பெரும்பாலும் இந்தப் பொருத்துகிற வேலையில்தான் போகிறது என்று சொன்னால் மிகையில்லை.

படம் மட்டுமல்ல, ரேடியோ அலையும் சாட்சி சொல்லும். கர்நாடகத்தில் கௌரிபிதனூரில், பெங்களூரிலிருந்து சுமார் 100 கி.மீ. தள்ளி, வயல்வெளி நடுவே வரிசை வரிசையாக ஆன்டெனாக்கள் நிற்கின்றன. இதுவும் அதே வான்இயற்பியல் நிறுவனத்தின் சொத்து. சூரியனிலிருந்து பெரும் பொருட்திரள் பிய்த்துக்கொண்டு கிளம்பும்போது முன்னால் ஓர் அதிர்ச்சி அலை ஓடும். அது எழுப்பும் ரேடியோ வெடிப்பை இந்த ஆன்டெனாக்கள் பிடிக்கும். வெல்க் அதே திரளைக் கண்ணால் பார்க்கும். வேகம், அடர்த்தி, காந்தப்புலம் மூன்றும் அப்போதுதான் கூடி வரும்.

2024 மே மாதம் இந்தக் கூட்டு வேலைக்குப் பரீட்சை வந்தது. 13664 என்று எண்ணிட்ட புள்ளிக்கூட்டம் பூமியைப் போல் 15 மடங்குக்கு மேல் அகலமாக விரிந்தது. வீட்டு மொட்டை மாடியில் சின்னத் தொலைநோக்கியால் சூரியனை ஓர் அட்டையில் விழவைத்துப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டினேன், பருத்திக்கொட்டை அளவுக்குக் கறுப்பாகத் தெரிந்தது. (தொலைநோக்கி வழியே நேராகப் பார்க்கவே கூடாது, கண் போய்விடும்.) அந்தக் கூட்டத்திலிருந்து பொருட்திரள்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி மே 10 இரவு பூமியை அடித்தன. 2003க்குப் பிறகு அவ்வளவு பெரிய புவிக்காந்தப் புயல் வந்ததில்லை. லடாக்கின் ஹான்லேயில் உள்ள கேமராக்களில் துருவ ஒளி செந்நிறமாகப் பதிவானது. அந்த இரண்டு நாளும் ஆதித்யாவின் சூட், வெல்க் இரண்டும் சரிபார்ப்பு, சூடேற்றும் வேலையில் இருந்ததால் வெடிப்பைப் படமெடுக்க முடியவில்லை. ஆனால் அதன் மற்ற கருவிகள் எக்ஸ் கதிரையும், பாய்ந்துவந்த துகள் காற்றையும் அளந்தன. முகத்தின் படங்களைத் தரை ஆய்வகங்களும் பிற விண்கலங்களும் கொடுத்தன. ஒரு கண் மூடியிருந்தபோது இன்னொரு கண் பார்த்தது. பூமிக்கு வந்து சேர்ந்ததும் அடியின் வலுவைச் சொன்னவை காந்தமானிகள். நம் திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்திலும் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்துக்கு ஓர் ஆய்வகம் உண்டு. 1859இன் மாபெரும் புயலுக்குப் பம்பாய் கொலாபா காந்தமானிப் பதிவுதான் இன்றுவரை உலகம் எடுத்துக்காட்டும் சாட்சி.

இந்தப் புயல்களுக்கு ஏன் அஞ்ச வேண்டும் என்பவர்களுக்கு ஒரு தேதி: 1989 மார்ச் 13. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை. எல்1-ஐக் கடந்த துகள் காற்று பூமியைத் தொட அரை மணி, ஒரு மணி நேரம் ஆகும். கடைசி எச்சரிக்கைக்கு அவ்வளவுதான் அவகாசம்.

விண்கலத்தின் உயிரைத் தரை காப்பாற்றிய கதையைச் சொல்லாமல் விட்டால் என் மாணவர்கள் கோபித்துக்கொள்வார்கள். வகுப்பில் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது இதுதான். 1998 ஜூன் 25 அன்று எல்1 பகுதியில் இருந்த சோஹோவோடு தொடர்பு அறுந்தது. தன்னிலை தவறி, சூரியத் தகடுகள் வெயிலைவிட்டு விலகி, மின்கலம் வற்றி ஊமையாகிவிட்டது. எங்கே இருக்கிறது, இருக்கிறதா என்பதே தெரியவில்லை. ஜூலை 23 அன்று போர்ட்டோ ரிக்கோவின் 305 மீட்டர் அரேசிபோ தட்டு அது இருக்கவேண்டிய திசையில் ரேடார் அலையை எய்தது. கலிஃபோர்னியாவில் கோல்ட்ஸ்டோனின் 70 மீட்டர் தட்டு காத்திருந்தது. எதிரொலி வந்தது. இருக்கவேண்டிய இடத்திலேயே, நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு சுற்று வீதம் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. பூமியோடு சேர்ந்து அது சூரியனைச் சுற்றச் சுற்ற, தகடுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வெயில் விழத் தொடங்கியது. ஆகஸ்ட் 3 அன்று மெல்லிய சமிக்ஞை. உறைந்துபோன எரிபொருளை உருக்கி, செப்டம்பரில் மறுபடி சூரியன் பக்கம் திருப்பினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கலம் இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் உழைத்தது. 5,000 வால்நட்சத்திரங்களுக்கு மேல் அதன் படங்களில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அரேசிபோ தட்டு 2020 டிசம்பரில் இடிந்து விழுந்தது. அதைப்போல் இன்னொன்றை யாரும் அங்கே கட்டவில்லை.

வேன் ஓட்டும் என் மாணவருக்கு நான் முடிக்காமல் விட்ட பதில் இதுதான். ஆதித்யாவுக்குத் திட்டமிட்ட ஆயுள் ஐந்து ஆண்டு. அதற்குத் துணையாக லடாக்கில், பாங்காங் ஏரிக்கரை மெராக்கில், 4,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் 2 மீட்டர் சூரியத் தொலைநோக்கி ஒன்றை நிறுவும் திட்டம் பல ஆண்டுகள் பேச்சிலேயே இருந்தது. விண்கலம் போய்விட்டது, மலைக் கண்ணாடி வரவில்லை. ஏவுவதற்குக் காட்டிய அவசரத்தில் பாதியை மெராக்குக்குக் காட்டியிருந்தால் இரண்டும் ஒரே சுழற்சியைச் சேர்ந்து பார்த்திருக்கும். அடுத்த விண்கலத்துக்குப் பணம் ஒதுக்கும்போது, அதே கோப்பில் தரைத் தொலைநோக்கிக்கும் பணம் ஒதுக்க வேண்டும். கொடைக்கானலுக்குப் போகிறவர்கள், ஏரிக்குப் போகும் முன், காலையிலேயே அப்சர்வேட்டரிக்கு ஒரு நடை போய்வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள்.